நான்காவது சென்சாரும் அதையேதான் சொன்னது

பொடிமேட்டில் வாடகைப் பாத்திரக்கடை சௌந்தரவல்லியின் பழைய நீலக் காரில், புகைக்குழாய் வழியாகப் புகைக்குப் பதிலாக நல்ல காற்று வர ஆரம்பித்தது ஆவணி மாதத்தில். ஊருக்கு அது தெரிந்தது ஐப்பசியில். இடையில் இரண்டு மாதம் அந்த வண்டி மெக்கானிக் கலியபெருமாளின் ஷெட்டில் நின்றது. கலியபெருமாளோ அதை ஒரு ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாருக்கும் தெரியாது.

பொடிமேடு என்பது பஸ் கண்டக்டர்கள் வைத்த பெயர். பழைய பெயர் பத்திரங்களில் மட்டும் இருக்கிறது. சிமெண்டு ஆலை வந்து நாற்பது வருஷத்தில் அங்கே கூரை வெள்ளை, வேப்பமரம் வெள்ளை, வேப்பமரத்துக் காக்கை வெள்ளை, தெருவில் படுத்திருக்கும் கறுப்பு நாய் எழுந்து உதறிக்கொண்டால்தான் கறுப்பு; துணியை வீட்டுக்குள் காயப்போடுவார்கள், சோற்றுப்பானையைத் திறந்த கையோடு மூடுவார்கள், தெருவில் வருகிறவர் யார் என்று முகத்தைப் பார்க்காமல் இருமலைக் கேட்டே சொல்லிவிடுவார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்பார்கள். இதையெல்லாம் ஒரு குறையாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை. ஊர் என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள்.

சௌந்தரவல்லி அந்தக் காரில்தான் கல்யாண வீடுகளுக்கு அண்டாவும் ஜமக்காளமும் ஏற்றிப்போவாள். ஆவணியில் ஒருநாள் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது, பெட்ரோலும் தண்ணீராகக் குடித்தது. "அண்ணே, இது என்னமோ அண்டா கணக்கா குடிக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை ஷெட்டில் விட்டுப் போனாள். கலியபெருமாள் சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தார். ஆக்சிஜன் சென்சார் என்று காட்டியது. அவருக்கு அரை நிமிஷத்தில் வேலை முடிந்த மாதிரி இருந்தது.

ஆக்சிஜன் சென்சார் என்பது கட்டைவிரல் தண்டியில் ஒரு சாமான். புகைக்குழாயில் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எரிந்து வருகிற புகையில் காற்று மிச்சமிருக்கிறதா இல்லையா என்று மோந்து பார்த்து எஞ்சினின் மூளைக்குச் சொல்லும். மூளை அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். நல்ல வண்டியில் அதன் அளவு ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும், தூங்குகிற குழந்தையின் வயிறு மாதிரி. இந்த வண்டியில் அது அடியிலேயே படுத்துக்கிடந்தது. காற்று, காற்று, ஒரே காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சின் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருந்தது. புகையில் ஏதடா அவ்வளவு காற்று, சென்சார் செத்துப்போச்சு என்றார் கலியபெருமாள்.

திருச்சியிலிருந்து புதுசு வாங்கிப் போட்டார். அதுவும் காற்று என்றது. டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு, சென்னையிலிருந்து பார்சலில் இன்னொன்று வரவழைத்துப் போட்டார். அதுவும் காற்று என்றது. வயரை அடிமுதல் நுனிவரை பார்த்தார், குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தார், மூட்டு மூட்டாகக் கழற்றி மாட்டினார். பிளக்கைக் கழற்றினார், அவ்வளவு பெட்ரோல் குடிக்கிற வண்டியில் கரி அப்பியிருக்க வேண்டும், பிளக் கழுவி வைத்த பல் மாதிரி இருந்தது. அங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடைசியில், முந்தின வாரம் புளியமரத்தில் மோதிய இதே மாதிரி வண்டியிலிருந்து, மோதுகிற நிமிஷம்வரை ஒழுங்காக வேலை பார்த்த சென்சாரைக் கழற்றி வந்து மாட்டினார். நான்காவதும் அதையேதான் சொன்னது. நாலும் களவாணிப் பயலுக என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

முப்பத்தெட்டு வருஷ அனுபவம். இருந்தும் அந்த இரண்டு மாதத்தில் ஒருநாளாவது அவர் அந்த வண்டியின் பின்பக்கம் போய் நிற்கவில்லை. பின்னால் புகை வரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை எவன் போய்ப் பார்ப்பான்.

போய் உட்கார்ந்தவள் அவர் மனைவி செங்கமலம்தான், அதுவும் ஷெட்டில் வேறு இடமில்லாததால். அவளுக்கு இளைப்பு, கல்யாணமாகிப் பொடிமேட்டுக்கு வந்த மறுவருஷத்திலிருந்து. வாயில் அடித்துக்கொள்கிற மருந்துப் பம்ப்பை முந்தானையில் முடிந்துகொண்டுதான் நடப்பாள். நாலு வார்த்தை பேசுவாள், நிறுத்துவாள், மூச்சை இழுப்பாள், மறுபடி நாலு வார்த்தை. அவள் ஒரு சங்கதியைச் சொல்லி முடிப்பதற்குள் கலியபெருமாள் ஒரு டயரைக் கழற்றிவிடுவார், அதனால் பாதிப் பேச்சை அவள் வாயிலேயே விட்டுவிடுவாள். அன்றைக்கு மத்தியானச் சோறு கொண்டுவந்தவள், எஞ்சினை ஓடவிட்டு அவர் முன்பக்கம் குனிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, காரின் பின்னால் ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். கால் மணி நேரம் இருக்கும். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"நானும் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்கிறது, மத்தியானம் ரெண்டு மணிக்குச் சோத்தை ஆறவச்சுட்டு அந்தச் சென்சாரைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே, சென்சாரா உங்களுக்கு மீன் கொழம்பு வைக்கப்போவுது, எழுந்து கையைக் கழுவிட்டு வந்து உட்காருங்க, இல்லைன்னா நான் பாட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிக்கிட்டே இருப்பேன் சொல்லிட்டேன்."

கலியபெருமாள் நிமிர்ந்தார். திட்டு புதிதல்ல. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு நீளமாகத் திட்டியதில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தார். அவள் கன்னம் சிவந்து, தோள் இறங்கி, கிணற்றில் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். குழாய்க்கு முன்னால் கையை நீட்டினார், சுடவில்லை, குளுகுளுவென்றிருந்தது. குந்தி உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தார். வாசனை ஒன்றும் இல்லை. பூ வாசனை இல்லை, மண் வாசனை இல்லை, புகை இல்லை, பொடி இல்லை. ஆலை வந்த பிறகு பொடிமேட்டுக்காரன் ஒருவன் ஒன்றுமே இல்லாத காற்றை மூக்கில் வாங்குவது அதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் ஏதோ ஒரு அறையின் கதவு இதுவரை சாத்தியிருந்ததே தெரியாமல் திறந்தது.

சாப்பிடாமல், நான்காவதையும் கழற்றிக்கொண்டு மேஜைக்குப் போய், நான்கு சென்சாரையும் துடைத்து வரிசையாக வைத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கு, கமலம். நான்தான் கழட்டிக் கழட்டித் தூர எறிஞ்சிருக்கேன்."

"அதெல்லாம் அப்பறம் கும்பிட்டுக்கலாம்" என்றாள் அவள். "கொழம்பு ஆறுது."

மறுநாள் செங்கமலத்தின் நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள், ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் இருந்து ஓய்வுபெற்ற மருதமுத்து வந்தார். வாரம் முடிவதற்குள் சௌந்தரவல்லி தன் கடையிலிருந்து அறுபது நாற்காலியும் பந்தலும் கொண்டுவந்து போட்டாள். டீக்கடை எதிர்ச்சாரிக்கு இடம் மாறியது, வந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார்கள், நடக்கமுடியாமல் கிடந்தவர்களுக்காகப் பேரப்பிள்ளைகள் லாரி டியூப்பில் காற்றைப் பிடித்து மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள், கல்யாண மண்டபத்தில் காரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் முகூர்த்தம் என்று மணமகன் வீட்டார் கேட்டார்கள், பூசாரி குழாய்க்குச் சாத்திய மாலை நிற்காமல் பறந்து பறந்து போய் ஒரு கன்றுக்குட்டியின் மேல் விழ அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு கன்றுக்குட்டிக்கும் ஒரு நாற்காலி ஒதுக்கினார்கள். அவசரப்பட்ட ஒருவர் இதே நிறத்தில் இருந்த தன் மச்சானின் காருக்குப் பின்னால் உட்கார்ந்து மயக்கம் போட்டு விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்து நீலக் காரின் பின்னால் கிடத்தியதும் எழுந்து டீ கேட்டார். அதிலிருந்து மற்றக் கார்களின் பக்கம் யாரும் போகவில்லை.

முன்வரிசை யாருக்கு என்று சண்டை வந்தது. ஆலையின் சூளைப் பிரிவுக்காரர்கள் தங்களுக்கு என்றார்கள், மூட்டைப் பிரிவுக்காரர்கள் தங்களுக்கு என்றார்கள். செங்கமலம்தான் முறை வைத்தாள். பந்தல் வாசலில் நின்று ஆளாளுக்கு ஒரு தடவை இரும வேண்டும். இருமலின் நீளத்தைப் பார்த்து இடம். பொய் இருமல் இருமினவர்களை அவள் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய் விடுவாள். இருபத்தைந்து வருஷம் இருமினவளை ஏமாற்ற முடியுமா. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். அவள் மட்டும் முறையைப் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை குழாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பம்ப்பை முந்தானையில் முடிவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

கலியபெருமாளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவர் ஷெட்டில் நிற்கிற வண்டியில் விளக்கு எரிவது, முதுகில் கை எட்டாத இடத்தில் அரிக்கிற மாதிரி. எஞ்சினின் மூளையையே மாற்றிப் பார்த்தால் என்ன என்று ஒரு மதியம் நினைத்தார், நினைத்ததோடு நிற்காமல் ஸ்பேனரையும் எடுத்தார். செங்கமலம் பார்த்துவிட்டாள்.

"நீங்க இதைச் சரிபண்ணிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். அவள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மஞ்சள் விளக்கின் மேல் ஒட்டிவிட்டுப் போனாள்.

தை மாதம், ரோட்டை அடைத்துக் கூட்டம் சேர்க்கிறார்கள் என்று எவனோ மனு எழுதிப் போட்டான். ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். வாசலில் முறைப்படி இருமினார், நாலாம் வரிசையில் பன்னிரண்டு நிமிஷம் உட்கார்ந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், எழுந்துவந்து நோட்டீஸில் கையெழுத்துப் போட்டார். வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கப் புகைச் சான்று வேண்டும், பங்குனி கடைசித் தேதிக்குள் அது இல்லாவிட்டால் வண்டியை அள்ளிக்கொண்டுபோய் நசுக்கிவிடுவார்கள், எனக்கு வேறு வழியில்லை ஐயா என்று கலியபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

புகைச் சான்று என்றதும் ஊர் சிரித்தது. இந்த வண்டிக்கில்லாத சான்றா என்று மேளம் வைத்துக் காரைப் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய நல்லதம்பியின் பரிசோதனைக் கடைக்குக் கொண்டுபோனார்கள். நல்லதம்பி மிஷினின் குழாயைக் காரின் குழாய்க்குள் செருகினான். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குழாய் வண்டியில் இல்லை, சரியாகச் செருகவும் என்றது. இன்னும் உள்ளே செருகினான். சரியாகச் செருகவும் என்றது. முழங்கை வரைக்கும் கையை விட்டுச் செருகினான். அதையே சொன்னது.

"சுத்தமான காத்து வந்தா குழாய் வெளியில தொங்குதுன்னு எடுத்துக்குதுண்ணே. புகையே இல்லாத எஞ்சின் ஒண்ணு உண்டுன்னு இதுக்குத் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரிஞ்சிதா" என்றார் கலியபெருமாள்.

அன்றிலிருந்து, வாழ்நாள் முழுக்கப் புகையைக் குறைத்தவர் புகையை வரவைக்கப் பாடுபட்டார். எஞ்சின் ஆயிலைப் பெட்ரோலில் கலந்தார், மண்ணெண்ணெய் ஊற்றினார், காற்று போகிற வழியில் சாக்கைத் திணித்தார், விளக்கெண்ணெயையும் விடவில்லை. எதைக் குடித்தாலும் வண்டி அதே காற்றைத்தான் விட்டது, மண்ணெண்ணெய்க்கு இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியாக விட்டது. பூசாரி குழாய்க்குள் சாம்பிராணி போட்டார். சாம்பிராணிப் புகை உள்ளே போய்க் காற்றாகத் திரும்பி வந்து அவர் தாடியைச் சீவிவிட்டது.

பங்குனி கடைசி நாள் வந்தது. நல்லதம்பியின் கடை முன்னால் ஊரே நின்றது. கார் ஓடிக்கொண்டிருந்தது, அதன் நம்பர்ப் பலகையைப் போட்டோ பிடித்தாயிற்று, மிஷின் சரியாகச் செருகவும் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டது. நல்லதம்பி குழாயை உருவி முக்காலியின் மேல் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அந்த முக்காலிப் பக்கம்தான் மருதமுத்து நின்றிருந்தார். அவருக்கு இருமல் வந்தது. இருமினார்.

மிஷின் விழித்துக்கொண்டது. எண்கள் ஓடின. வண்டி கிடைத்தது, எஞ்சினை முப்பது எண்ணும்வரை நிறுத்தாமல் ஓடவிடவும் என்றது.

நல்லதம்பி கதவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், காரைப் பார்த்தான். மிஷின் நம்பரைத்தான் கேட்கிறது, மூஞ்சியைக் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குழாயை எடுத்து மருதமுத்துவின் வாயில் வைத்தான். அவர் ஊதினார். ஏழில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. "பெரியப்பா, நீங்க டீசல் வண்டி, உங்களுக்கு வேற மிஷின்" என்றான்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பூசாரி பத்து. சௌந்தரவல்லி பதினேழு, ஆலைக்கு ஷிப்டு போகிற இளவட்டங்கள் மார்பைத் தட்டிக்கொண்டு வந்து பத்தொன்பதில் குந்தினார்கள். ஒவ்வொருவருக்கும் மிஷின், எஞ்சின் நின்றுவிட்டது, புகை அளவுக்கு மேல், தகுதியில்லை என்று சொன்னது. சூளைப் பிரிவு தகுதியில்லை. மூட்டைப் பிரிவு தகுதியில்லை. கலியபெருமாள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊதினார், இருபத்திரண்டில் கண் இருட்டியது, சிவப்பு. முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. நாற்பது வருஷமாக ஒருவர் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. ஒரு மிஷின், அதுவும் காருக்கு வந்த மிஷின், வரிசையில் நிறுத்திக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது.

செங்கமலம் முன்னால் வந்தாள்.

"வேண்டாம்" என்றார் கலியபெருமாள். "இழுத்துக்கும். கமலம், வேண்டாம்னா கேளு. போனா வண்டிதான போவுது."

"வண்டியா போவுது?" என்றாள்.

குழாய் முனையை முந்தானையால் துடைத்தாள். வயிறு நிறைய மூச்சை இழுத்தாள். ஊத ஆரம்பித்தாள்.

நல்லதம்பி எண்ணினான். ஐந்து வந்தது, பத்து வந்தது. பத்தில் கலியபெருமாளின் கை அவரை அறியாமல் அவள் முதுகுக்குப் போய், தொடாமல், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றது. பதினைந்தில் கூட்டமும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது, கூட்டம் எண்ண எண்ண டீக்கடைக்காரன் எண்ணினான், பெட்ரோல் பங்க்கில் நின்ற வெளியூர் லாரிக்காரன் எதற்கென்று தெரியாமலே எண்ணினான். இருபதில் அவள் நெற்றியில் நரம்பு தெரிந்தது. இருபத்திரண்டைத் தாண்டினாள். இருபத்தைந்தில் கண்ணை மூடிக்கொண்டாள், கழுத்து நடுங்கியது, ஆனால் மூச்சு நடுங்கவில்லை, நூல் நூற்கிற மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டில் கலியபெருமாள் தன் நெஞ்சு வலிப்பதை உணர்ந்தார், தான் முதல் எண்ணிலிருந்தே மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, இருந்தும் விடவில்லை. இருபத்தொன்பது. முப்பது. அவள் அதோடு நிறுத்தாமல், எதற்கும் இருக்கட்டும் என்று முப்பத்து மூன்று வரைக்கும் ஊதிவிட்டுக் குழாயை எடுத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. மிஷின் கடகடவென்று ஒரு தாளைத் துப்பியது.

நல்லதம்பி அதைக் கிழித்துக் கலியபெருமாளிடம் கொடுத்தான். மேலே காரின் நம்பர் இருந்தது, அதன் கீழே வரிசையாக எண்கள். அவருக்குப் படிக்கத் தெரிந்த எண்கள். எத்தனையோ வண்டிகளுக்குப் படித்திருக்கிறார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். அடிவரைக்கும் போய்விட்டு மறுபடி மேலிருந்து படித்தார். கூட்டம் காரைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது, மேளம் ஆரம்பித்துவிட்டது, அவர் இன்னும் படித்துக்கொண்டே இருந்தார்.

செங்கமலம் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்சம்தான் இளைத்தது.

"என்னங்க போட்டிருக்கு?"

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"ஒரு ரிப்பேரும் இல்லையாம்" என்றார்.